நாலாம் பாடத்தோடு சம்பந்தம் பேசினோம்

என் மகன் மெர்வின் பிரான்சு நாட்டில் க்ரெனோபிள் என்கிற ஊரில் வேலை பார்க்கிறான். வேலை பார்த்த இடத்திலேயே பெண்ணும் பார்த்துக்கொண்டான். பெயர் க்ளேர். போட்டோவில் நல்ல களையாகத்தான் இருந்தாள். நான் ஆட்சேபம் சொல்லவில்லை. சொன்னாலும் அங்கே கேட்கப்போவது யார்? ஆனால் ஒரு விஷயத்தில் எனக்குப் பொல்லாத கோபம் வந்தது. பெண்ணின் அப்பா அம்மாவுக்குப் பிரெஞ்சைத் தவிர வேறு பாஷை தெரியாதாம். “அதனால என்ன மம்மி? வீடியோ கால்ல நான் நடுவுல உக்காந்து ரெண்டு பக்கமும் சொல்லிர்றேன்” என்றான்.

எங்கேயாவது நடக்குமா இது? கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளைப் பையன் வாயைத் திறக்கக்கூடாது. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருக்க வேண்டும். இவன் என்னவென்றால் மாப்பிள்ளையும் நானே, தரகனும் நானே என்கிறான். நான் ஒன்று கேட்பேன், அங்கே தனக்குத் தோதாக வேறொன்று சொல்வான். அவர்கள் ஒன்று சொல்வார்கள், அதற்கு இனிப்புத் தடவி இங்கே அனுப்புவான். பெற்றவளுக்குத் தெரியாதா? “வேணாம்டா. சம்பந்திகூட நாங்களே பேசிக்கிறோம்” என்று சொல்லிவிட்டேன்.

“எப்படி மம்மி?”

“படிச்சுக்கிறோம்.”

சொன்ன பிறகுதான் ‘நாங்கள்’ என்று சொன்னது உறைத்தது. எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் பேச்சுவார்த்தை இல்லாமல் போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. மெர்வினுக்கு இது தெரியாது. அவன் கூப்பிடும்போது இருவரும் சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஆளுக்குக் கொஞ்சம் அவனோடு பேசி, ஆளுக்குக் கொஞ்சம் சிரித்து வைப்போம். போன் அணைந்ததும் அவர் ஹாலில், நான் அறையில்.

என்ன காரணம் என்று கேட்டால் சொல்கிறேன், ஒளிக்க ஒன்றுமில்லை. என் அப்பா திருச்சபையில் உபதேசியாராக இருந்தவர். கடைசி ஒரு வருஷம் ஆனையூரில் எங்கள் வீட்டில்தான் இருந்தார். நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் கிளார்க். காலையில் போனால் சாயங்காலம்தான் வருவேன். வீட்டுக்காரர் ஞானம் சரித்திர வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அதனால் பகலெல்லாம் அப்பாவோடு அவர்தான். அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி. சீனி டப்பாவை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகும் அளவுக்கு நான் கண்ணும் கருத்துமாகப் பார்த்தேன். அப்படிப் பார்த்தும் போய்விட்டார். அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து வேனில் திரும்பி வரும்போது, என் அக்கா தங்கச்சிகள் எல்லாரும் இருக்க, இந்த மனிதர் என்னைப் பார்த்துச் சொன்னார்: “வயசாயிருச்சு, போய்ட்டாரு. அதுக்கு இம்புட்டு அழுகையா? போதும், நிறுத்து.”

நிறுத்தினேன். அழுகையை மட்டும் இல்லை. அவர் ஒன்றிரண்டு நாள் “எஸ்தர், எஸ்தர்” என்று கூப்பிட்டுப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. பிறகு அவருக்கும் ரோஷம் வந்துவிட்டது. வாத்தியார் ரோஷம் சாதாரண ரோஷமா? அப்படியே நின்றுபோனது.

பேசாவிட்டால் குடித்தனம் நடக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஜோராக நடக்கும். வீட்டு வேலைக்கு வரும் மலையம்மாள் இருக்கும் வரை அவள் வாய் போதும். அவர் என் கைக்கு எட்டும் தூரத்தில் நிற்பார். நான் மலையம்மாளிடம், “மத்தியானத்துக்கு மீனா, காயான்னு கேளு” என்பேன். அவர் மலையம்மாளிடம், “மீனுன்னு சொல்லு” என்பார். மலையம்மாள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “மீனாம்க்கா” என்பாள். அவள் போன பிறகு சுவர்தான். “பால் பொங்குது” என்று சுவரைப் பார்த்துச் சொன்னால் போதும், யாருக்குக் கேட்க வேண்டுமோ அவருக்குக் கேட்கும். வெளியே போகவேண்டுமா, அவர் ஸ்கூட்டரை வாசலில் நிறுத்தி இரண்டு தடவை ஹாரன் அடிப்பார். நான் போய்ப் பின்னால் உட்காருவேன்.

அப்படித்தான் ஒரு சனிக்கிழமை ஹாரன் சத்தத்தில் கிளம்பிக் காளவாசல் போய்ச் சேர்ந்தோம். சிக்னலைத் தாண்டி ஒரு செல்போன் கடை மாடியில் பிரெஞ்சு வகுப்பு. சொல்லிக் கொடுப்பவள் தாமரைச்செல்வி. கொட்டாம்பட்டிப் பக்கம் கடலை விவசாயம் பார்க்கிற குடும்பம், பாண்டிச்சேரியில் படித்திருக்கிறாள். மெர்வின் வயதுதான் இருக்கும். வகுப்பில் வெளிநாட்டு வேலைக்குக் காத்திருக்கும் நர்சுகள், இன்ஜினியர் பையன்கள். எங்கள் இருவரையும் பார்த்ததும் யாரோ பிள்ளைகளைச் சேர்க்க வந்த பெற்றோர் என்று நினைத்து எழுந்து நாற்காலி கொடுத்தார்கள்.

முதல் பாடம் பெயர், ஊர். இரண்டாவது அப்பா, அம்மா, அண்ணன், தங்கச்சி. மூன்றாவது எண்ணும் மணியும். நாலாவது பாடம் அன்றாட வாழ்க்கை: எழுந்திருக்கிறேன், குளிக்கிறேன், காபி குடிக்கிறேன், வேலைக்குப் போகிறேன், சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். மனுஷ வாழ்க்கை அவ்வளவுதான் என்று அந்தப் புத்தகம் போட்டவன் முடிவு கட்டியிருக்கிறான். முதல் மூன்று பாடத்தை ஆளுக்கொரு நோட்டைப் பார்த்து ஒப்பித்துச் சமாளித்துவிட்டோம். நாலாவதில்தான் வந்தது வினை.

“இனிமே ஜோடி ஜோடியாப் பேசிப் பழகணும்” என்றாள் தாமரைச்செல்வி. “எஸ்தர் அம்மா, எத்தன மணிக்கு எந்திரிக்கிறீங்கன்னு சார்கிட்டக் கேளுங்க.”

“நீங்களே கேளுங்க மிஸ். எனக்கும் காது கேக்கும்ல” என்றேன்.

“நான் கேக்கிறதுக்கா அம்மா நீங்க பணம் கட்டிருக்கீங்க?”

இன்ஜினியர் பையன்கள் சிரித்தார்கள். வீட்டுக்காரர் மேசையில் இருந்த பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். எனக்கு ஒரே யோசனை. கேட்டால் தோற்றுப்போனது போல ஆகிவிடும். கேட்காவிட்டால் சம்பந்தியிடம் ஊமைபோல உட்கார வேண்டும், அந்தத் தரகுப்பயல் நடுவில் வந்துவிடுவான். கடைசியில் எனக்கு நானே ஒரு தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். இது பேச்சில்லை, பாடம். பாடத்தில் கேட்பது எப்படிப் பேச்சாகும்?

கேட்டேன். மரியாதையாக ‘வூ’ போட்டுத்தான் கேட்டேன், அது அவர்கள் ஊர் ‘நீங்கள்’. தாமரைச்செல்வி தடுத்தாள். “புருசன் பொண்டாட்டிக்குள்ள ‘வூ’ போட மாட்டாங்க அம்மா. ‘த்யூ’. நீ, வா, போன்னு கேக்கணும்.”

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரை ஒரு தடவை நீ என்றதில்லை. மனசுக்குள் திட்டும்போதுகூட நீங்கள்தான். “த்யூ” என்று அழுத்திச் சொன்னேன். நன்றாக இருந்தது. இன்னொரு தடவை சொன்னேன். இரண்டு வருஷக் கோபத்துக்கு அது நல்ல மருந்து. அவர் தலையைத் தூக்காமல், “ஜு மு லேவ்...” என்று ஆரம்பித்து, தான் ஐந்து மணிக்கு எழுந்திருப்பதாகச் சொன்னார். உண்மையில் ஐந்தரை. என் அறையில் கேட்கும் செருமலை வைத்தே எனக்குத் தெரியும். ஆனால் பாடத்தில் ஐந்து என்று இருந்தது. புத்தகத்தில் உள்ளதை மாற்ற மாட்டார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பதிலில் ஒரு வார்த்தை இடம் மாறினால் மார்க்கைக் குறைத்தவர். வரிக்கு வரி எழுது, உன் சொந்தச் சரக்கெல்லாம் வேண்டாம் என்பார்.

அதற்குப் பிறகு வீட்டிலும் பாடம் நடந்தது. தட்டை வைத்துவிட்டு, “த்யூ மான்ஜ்?” என்பேன். சாப்பிடுகிறாயா என்று அர்த்தம். “வுய்” என்று ஆமாம் சொல்லி வந்து உட்காருவார். நான் கிளம்பும்போது அவர், எத்தனை மணிக்குத் திரும்பி வருவாய் என்று மணிப் பாடத்தில் இருந்து எடுத்துக் கேட்பார். நான் மணியைச் சொல்வேன். அந்தப் பாஷையில் ஒரு சௌகரியம் உண்டு. எங்களுக்கு அதில் சண்டை போடுகிற அளவுக்குச் சொல் தெரியாது.

மலையம்மாளுக்குத்தான் மனத்தாங்கல். தூது போகும் வேலை பறிபோய்விட்டது. பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்துக்கொண்டே கேட்டாள்: “ஏங்க்கா, அய்யாகூடப் பேச ஆரம்பிச்சிட்டீகளா?”

“பேசல. படிக்கிறோம்.”

“என்னமோ போங்க. இம்புட்டு நாளு நீங்க பேசாம இருந்தது எனக்கு வெளங்குச்சு. இப்பப் பேசுறதுதான் ஒண்ணும் வெளங்கல.”

அடுத்த சனிக்கிழமை தாமரைச்செல்வி எல்லாரையும் நோட்டை மூடச் சொன்னாள். அவரவர் வீட்டில் உள்ளவர்கள் சாயங்காலம் என்ன செய்கிறார்கள் என்று உள்ளதைச் சொல்ல வேண்டுமாம். ஒரு நர்ஸ் பெண் தன் அம்மா பூக்கட்டுகிறாள் என்று சொல்லத் தெரியாமல் கையாலேயே கட்டிக் காட்டினாள். இவர் முறை வந்தது. எழுந்து நின்றார். சாயங்காலம் நான் டிவி பார்க்கிறேன் என்றார். அது சரி. பிறகு “மா ஃபாம்...” என்றார். என் மனைவி என்று அர்த்தம். அதற்கு மேல் வரவில்லை. மறுபடி “மா ஃபாம்...” என்றார். தாமரைச்செல்வி எடுத்துக்கொடுத்தாள். சமைக்கிறாங்களா, படிக்கிறாங்களா, தூங்குறாங்களா சார்? ஒவ்வொன்றுக்கும் சொல் கொடுத்தாள். 

“தெரியல” என்று அவர் தமிழில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை. எனக்கு முகம் சுட்டது. ஒரே வீடு, நடுவில் ஒரு செங்கல் சுவர், இந்த மனிதருக்கு நான் என்ன செய்கிறேன் என்று தெரியாதாம்! அவர் சாயங்காலம் நடக்கப் போகிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு எங்கே போய் வருகிறார் என்று எனக்கும் தெரியாதுதான். அது வேறு விஷயம். அன்றைக்கு ஸ்கூட்டரில் வரும்போது அவர் சிக்னலில் நின்று ஒரு தடவை பின்னால் திரும்பினார். நான் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் பாடம் தொடங்குவதற்குள் மெர்வின் நாள் குறித்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் ஆராதனை முடிந்து வந்து சாப்பிட்ட பிறகு. அவர்களுக்கு அது காலை நேரம். தாமரைச்செல்விக்குக் கவலையாகிவிட்டது. பெண் கேட்கும் வரியை மட்டும் தனியாகச் சொல்லித் தந்தாள். மற்றதற்கு நாலாம் பாடத்தையே பிரித்துக் கொடுத்தாள். காலையில் இருந்து மத்தியானம் வரை நான் சொல்ல வேண்டும், சாயங்காலத்தில் இருந்து அவர். சாயங்காலம் நாங்கள் டிவி பார்க்கிறோம், பிறகு சாப்பிடுகிறோம், பிறகு தூங்குகிறோம். “லு ஸ்வார், நு ரெகார்தோன் லா தெலே.” அவர் இதை மொட்டைமாடியில் நடந்துகொண்டே மனப்பாடம் செய்தார். கீழே துணி மடித்துக்கொண்டிருந்த எனக்கே பாடமாகிவிட்டது. டிவியைக்கூட நாங்கள் சேர்ந்து பார்ப்பதில்லை, இருந்தாலும் சம்பந்தி வந்து எட்டிப் பார்க்கவா போகிறாள்?

என் கவலை வேறு. இரண்டு வருஷமாக ஊருக்கும், சபைக்கும், பெற்ற பிள்ளைக்கும் தெரியாமல் மறைத்த விஷயம் அந்தப் பெண்ணைப் பெற்றவர்கள் கண்ணில் பட்டுவிடக்கூடாது. பையனுடைய அப்பாவும் அம்மாவும் ஆளுக்கொரு மூலை என்று தெரிந்தால் யாருக்குத்தான் பெண் கொடுக்க மனசு வரும்? பிரெஞ்சுக்காரி என்றால் மட்டும் தாய் இல்லையா? 

அன்றைக்குப் பட்டுச் சேலை கட்டினேன். அவர் இஸ்திரி போட்ட வேட்டி சட்டை. மேசையில் பூ, பழம், ஒரு பிளம் கேக் எல்லாம் தட்டில் வைத்து, தட்டுக்குப் பின்னால் போனைச் சாய்த்து நிறுத்தினேன். திரையில் மெர்வினும் க்ளேரும் ஓரத்தில், நடுவில் அவள் அம்மா மார்ட்டீன், அப்பா அலேன். மெர்வினிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்: “வாயத் திறந்தே, கல்யாணமே கெடையாது.” வீட்டுக்காரர் தமிழில் சின்னதாக ஜெபம் பண்ணினார். மார்ட்டீன் என்ன ஏது என்று தெரியாமலே தலையைக் குனிந்துகொண்டாள். அதிலேயே எனக்கு அவளைப் பிடித்துப்போய்விட்டது.

பெண் கேட்கும் வரியைச் சொன்னேன். மார்ட்டீன் சிரித்தாள், வுய், வுய் என்றாள், க்ளேரைக் கட்டிக்கொண்டாள். அவ்வளவுதான், பெண் கேட்டு முடிந்துவிட்டது. இங்கே என்றால் இதற்கு ஒரு நாள் முழுக்கப் போகும். இனி என்ன பேசுவது? நாலாம் பாடம்தான்.

ஆறு மணிக்கு எழுந்திருக்கிறேன், காபி போடுகிறேன், என் கணவர் பேப்பர் படிக்கிறார், நான் வேலைக்குப் போகிறேன் என்று ஒப்பித்தேன். மார்ட்டீன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். தானும் காபிதான், தானும் சீக்கிரம் எழுந்துவிடுவேன், அலேன் எட்டு மணி வரை தூங்குவார் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். எனக்குப் புரிந்தது! இரண்டு பாஷை தாண்டி, கடல் தாண்டி, அந்த அலேன் எப்படிப்பட்ட ஆள் என்று எனக்கு விளங்கிவிட்டது. நானும் சிரித்தேன்.

பிறகு அவள், “சாயங்காலம்? நீங்க ரெண்டு பேரும் என்ன செய்வீங்க?” என்று கேட்டாள். ‘ரெண்டு பேரும்’ என்பதற்கு விரலையும் காட்டினாள்.

அது அவர் பங்கு. அவர் தொண்டையைச் செருமினார். நான் மனசுக்குள் அந்த வரியைச் சொல்லிக்கொண்டேன், என் உதடுகூட அசைந்திருக்கும். அவர் “லு ஸ்வார்...” என்றார். நிறுத்தினார். தட்டில் இருந்த பழத்தைப் பார்த்தார்.

“நு பார்லோன்” என்றார்.

நாங்கள் பேசுகிறோம்.

மறந்துவிட்டார் என்று நினைத்தேன். ஆனால் இந்த மனிதர் மறக்கிற ஆள் இல்லை. முப்பது வருஷம் பானிப்பட்டுப் போரைப் புத்தகம் பார்க்காமல் நடத்தியவர். புத்தகத்தில் உள்ளதை மாற்றிவிட்டார். 

மார்ட்டீன் விடவில்லை. நன்றாகப் பேசுகிறார்களே என்று உற்சாகம் அவளுக்கு. “எதப் பத்திப் பேசுவீங்க?” என்றாள்.

அது எந்தப் பாடத்திலும் இல்லை. அவர் என் பக்கம் திரும்பினார். சோபாவில் அத்தனை தடவை பக்கத்தில் உட்கார்ந்தும் இந்த இரண்டு வருஷத்தில் அவர் முகத்தை நான் நேருக்கு நேர் பார்க்கவில்லை. கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. நான் ஏதாவது சொல்ல வேண்டும். பிள்ளையைப் பற்றி என்று சொல்லியிருக்கலாம், கோயிலைப் பற்றி என்று சொல்லியிருக்கலாம், எல்லாவற்றுக்கும் சொல் தெரியும். ஆனால் என் வாயில் வந்தது வேறு.

“து மோன் பேர்” என்றேன். என் அப்பாவைப் பற்றி.

குத்த வேண்டும் என்றுதான் சொன்னேன். யாருக்குத் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரியட்டும் என்று சொன்னேன். அவருக்குத் தெரிந்தது.  பிறகு மார்ட்டீனைப் பார்த்து ஆரம்பித்தார், வகுப்பில் ஒப்பிப்பது போலவே, முழங்காலில் கையை வைத்துக்கொண்டு.

எஸ்தரின் அப்பா நாலு மணிக்கு எழுந்திருக்கிறார். பச்சைத் தண்ணீரில் குளிக்கிறார். ஜெபம் பண்ணுகிறார். பைபிள் படிக்கிறார், சத்தமாகப் படிக்கிறார். எட்டு மணிக்கு எஸ்தர் வேலைக்குப் போகிறாள். அவர் ஜன்னல் பக்கம் உட்காருகிறார். எஸ்தர் தெரு முனை திரும்பும் வரை பார்க்கிறார். பன்னிரண்டு மணிக்கு நாங்கள் சாப்பிடுகிறோம், அவரும் நானும். அவர் தூங்குகிறார். மூன்று மணிக்கு நாங்கள் நடக்கிறோம், மெதுவாக. டீ குடிக்கிறோம்.

இங்கே நிறுத்தி, அடுத்ததைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தார்.

“அவெக் த்யூ சுக்ர்” என்றார். சீனி போட்டு.

ஐந்து மணிக்கு எஸ்தர் வருகிறாள். அவர் மறுபடி ஜன்னல் பக்கம் உட்காருகிறார்.

எல்லாம் நாலாம் பாடத்துச் சொற்கள்தான். புதிதாக ஒரு சொல் இல்லை. எழுந்திருக்கிறார், குளிக்கிறார், உட்காருகிறார். நடந்து முடிந்ததைச் சொல்ல நாங்கள் இன்னும் படிக்கவில்லை. மனப்பாடம் செய்து சொல்கிறவர் ஒரு இடத்தில்கூடத் தடுமாற மாட்டார். இவர் ஒவ்வொரு வரிக்கும் தடுமாறித் தடுமாறி, தேடித் தேடிச் சொன்னார். நான் வேலைக்குப் போய்விட்ட பிறகு என் அப்பாவுக்கு ஒரு பகல் இருந்தது, அதை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. அதை முழுசாக வைத்திருந்தவர் சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு வருஷமாக டிவி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

மார்ட்டீன் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு அப்பாவும் வருவாரா என்று கேட்டாள். மெர்வின் அப்போதுதான் வாயைத் திறந்தான். நான் தடுக்கவில்லை. அவன் மெல்லிய குரலில் அவளிடம் சொல்ல, அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையைத் திரைக்குக் கிட்டே கொண்டுவந்தாள். நானும் நீட்டினேன். விரல் பழத்தட்டில்தான் இடித்தது.

எல்லாரும் கையாட்டி, போனை அணைத்தாயிற்று. வீட்டில் சத்தமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் மலையம்மாளும் இல்லை. அவர் எழுந்து டிவி ரிமோட்டைக் கையில் எடுத்தார். நான் தட்டைத் தூக்கினேன். சமையல்கட்டு வாசல் வரை போனேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

“சீனி போட்டா வாங்கிக் குடுத்தீங்க?” என்றேன்.

தமிழில். சுவரைப் பார்த்து இல்லை, அவரைப் பார்த்து.

அவர் ரிமோட்டை மெதுவாக மேசையில் வைத்தார்.

“ஆமா.”

“சக்கரை வியாதிக்காரருக்கு!”

“கேட்டாரு எஸ்தர். தெனமும் கேட்டாரு. முக்குக் கடையில பெஞ்சுல உக்காந்து குடிப்பாரு. ‘மாப்ள, அவகிட்டச் சொல்லிறாதீரு’ன்னு என் கையப் பிடிச்சுக்குவாரு.”

“இப்பவும் அங்கதான் போறீங்களா? சாயங்காலம் செருப்ப மாட்டிக்கிட்டு?”

“அங்கதான்.”

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வேனில் நிறுத்திய இடத்திலிருந்தே அது தொடங்கியது போல இருந்தது. தட்டை அப்படியே தரையில் வைத்துவிட்டு வாசல் நிலையில் சாய்ந்து அழுதேன். அவர் கிட்டே வந்து நின்றார். இந்தத் தடவை போதும் என்று சொல்லவில்லை.

“அன்னைக்கு ஏன் அப்படிச் சொன்னீங்க? அம்புட்டுப் பேரு முன்னாடி?”

“எனக்கும் அழுகை வந்துச்சு. உன் அக்கா தங்கச்சியெல்லாம் பாத்துக்கிட்டு இருந்தாங்க. என்ன செய்யன்னு தெரியல, உன்ன வஞ்சுட்டேன்.” வேட்டி நுனியைத் திருகிக்கொண்டே சொன்னார். “தப்புத்தான்.”

இதைச் சொல்ல இந்த மனிதருக்கு இரண்டு வருஷமும் ஒரு பிரெஞ்சுக்காரியும் வேண்டியிருந்தது. நன்றாக நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.  ஆனால் அதைவிட அவசரமாக வேறொன்று தெரிய வேண்டியிருந்தது.

“எத்தன கரண்டி?”

“என்ன?”

“சீனி.”

“ஒண்ணு” என்றார்.

முறைத்தேன்.

“ரெண்டு” என்றார்.

அடுப்பைப் பற்றவைத்து டீ போட்டேன். இரண்டு டம்ளரிலும் இரண்டு இரண்டு கரண்டி போட்டு ஹாலுக்குக் கொண்டுவந்தேன். அறைக்குப் போகவில்லை. அவருக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, “ம், குடிச்சிட்டு? அப்பறம் அப்பா என்ன பேசுவாரு?” என்று கேட்டேன். அவர் சொல்ல ஆரம்பித்தார். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது, செய்தி நேரமும் வந்து போனது. யாரும் டிவியைப் போடவில்லை.